பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகள்: விதிநூலும் உரிமமும்

ஒருவர் நிகழ்களத்தை விவரித்து நடத்த, ஏனையோர் தத்தம் பாத்திரங்களின் செயலைச் சொல்ல, ஐயத்திற்குரிய விளைவைப் பகடை தீர்மானிக்கும் மேசை விளையாட்டு, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோரின் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழி அச்சேறியது. அச்சில் இருப்பவை பெரிதும் விதிகளே. கதை ஆடுவோர் வாயில்தான் பிறக்கிறது. அவ்விதிகளிலும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஆட்டமுறையைக் காப்பதில்லை; அதனை எழுதிய சொல்வடிவத்தையே காக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை எளிதில் புலப்படுவதன்று.

2000இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் திறந்த ஆட்ட உரிமத்தின்கீழ் அடிப்படை விதிகளைப் பிறர் பயன்படுத்த இசைந்தது. சிறு பதிப்பாளர் பலர் அதை நம்பியே நூல்கள் வெளியிட்டனர். 2023 சனவரியில் அவ்வுரிமத்தை மாற்றும் வரைவு கசிந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் பணிந்தது என்றே கொள்ளவேண்டும்: அம்மாத இறுதியிலேயே ஐந்தாம் பதிப்பின் விதித்தொகுப்பைத் திரும்பப் பெறவியலாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.