மலையேறும் இளங்குடித்தனங்கள்

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியே கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் குடிபெயரும் இளங்குடும்பங்கள், சில மணி நேரப் பயணத்திலேயே மாநிலத்தையும் ஆட்சிமொழியையும் தட்பவெப்பத்தையும் ஒருசேர மாற்றிக்கொள்கின்றன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இம்மலைகளிலுள்ள தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் இணைந்தபோதிலும், பிழைப்புக்கான இப்பெயர்வு நிற்கவில்லை.

‘லயம்’ எனப்படும், தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளின் ஒற்றை அறையில் அடுப்பும் பாயும் புத்தகப்பையும் இடம்பிடிக்க, மழைக்காலத்தில் ஈரத்துணி அடுப்புக்கு மேலுள்ள கொடியில் உலர்கிறது. ஏலக்காய் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை என்பதால், ஒரே செடியில் பல சுற்றுகளாகக் காய் பறிக்கும் வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. ஆகவே, அதுவரை பெற்றோருடன் மலையிலேயே தங்கும் பிள்ளைகளின் தமிழ்வழிக் கல்வி இடையில் அறுபடாமல் காப்பது இரு மாநிலங்களுக்கும் பொதுவான கடமையாகும்.