இடம் கிடைத்தது, துறை கிடைத்ததா?

பிள்ளைக்கு அமெரிக்காவில் பொறியியல் படிக்க இடம் கிடைத்ததும் உறவினர்கள் கேட்பது, "தரவரிசையில் எத்தனையாவது?" என்றுதான். எந்தத் துறையில் இடம் என்று கேட்பவர் குறைவு.

பர்டூ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் முதலாண்டைப் பொதுவாகப் படித்த பிறகே துறைக்குப் போகிறார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். முதலாண்டு மதிப்பெண் சரிந்தால், கணினிப் பொறியியல் ஆசையோடு விமானம் ஏறியவர் வேறு துறையில் உட்கார நேரலாம். லட்சக்கணக்கில் ரிங்கிட் கட்டப்போகும் பெற்றோர், ஏற்புக் கடிதத்தில் துறையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இல்லையென்றால், விரும்பிய துறைக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது 'ஏபெட்' அங்கீகாரம். இது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009இல் சேர்ந்ததால், ஊர் திரும்பிப் பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்ய இது கைகொடுக்கும். சிவில் படிப்பவருக்கு இது முக்கியம். மென்பொருள் வேலைக்குப் போகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். விசாவுக்கான ஐ-20 படிவம் தருமுன் முதலாண்டுச் செலவுக்குப் பண ஆதாரம் கேட்பார்கள். மற்ற மூன்றாண்டுக் கணக்கை நீங்களேதான் போட வேண்டும், டாலர் விலை ஏறினாலும் தாங்குமா என்பதையும் சேர்த்து.