பெயர் தந்தவர் யாரோ, வாழ்ந்தவர் நாம்

வெள்ளவத்தையில் நாம் கூடும் தையல் வகுப்பில் ஒரு சகோதரி அண்மையில் தன் கோவையைத் திறந்து காட்டினார். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், கணவரின் மரணச் சான்றிதழில் வேறொரு விதம். இடம்பெயர்ந்த இடங்களில் எல்லாம் எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். "எது அக்கா என்ர பெயர்?" என்று அவர் கேட்டபோது முதலில் சிரித்தோம். பிறகு ஒருவரும் பேசவில்லை.

பெயரை யார் தருகிறார்கள், அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எமக்குப் புதிதல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவால் நடந்தாலே பெர்னாண்டோ, பெரேரா, டி குரூஸ் என்று போர்த்துக்கேயர் காலத்துப் பெயர்கள் கதவுகளில் தெரியும். யாழ்ப்பாணத்திலோ ஆங்கிலப் பெயர்கள் வேறொரு வழியால் வந்தன. அவற்றுள் ஒன்று 'நெவின்ஸ்'.

இது ஆங்கிலேயரிடையேயும் அதிகம் காணப்படாத பெயர். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வழங்கிய கேலிக் மொழியில் புனிதரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். 'சின்னப் புனிதர்' என்று பொருள் கொள்ளலாம். அங்கிருந்து குடியேறியவர்களோடு அது அமெரிக்காவுக்குப் போயிற்று.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறியையும், 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். உடுவில் பாடசாலையை ஆரம்பித்தவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் அமெரிக்காவில் உள்ள அன்பர்கள் பணம் அனுப்பினர். பணம் அனுப்பியவர் விரும்பும் பெயரை அந்தப் பிள்ளைக்கு இடுவது வழக்கமாயிற்று. கடல் கடந்த ஒருவரின் பெயர் இப்படித்தான் வலிகாமத்துப் பிள்ளைகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெயர்களின் பின்னணி இதுவே.

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் அத்தகையவர்களுள் ஒருவர். செமினறியில் படித்த அவர் தர்க்க சாஸ்திரத்தைத் தமிழில் விளக்கி 'நியாய இலக்கணம்' என்ற நூலை 1850 இல் வெளியிட்டார். 1880களில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆங்கிலப் பாடசாலையையும் நிறுவினார். அதைச் சைவப் பெரியோர் பொறுப்பேற்று வளர்த்தனர். அதுவே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆனது! அக்கல்லூரியின் ஆரம்பகால அதிபர்களுள் ஒருவரான நெவின்ஸ் செல்வத்துரையும் அதே பெயரைத் தாங்கியவர். மிஷன் சூட்டிய பெயர் இந்துக் கல்லூரியின் வரலாற்றில் நிலைத்தது. பெயரைத் தந்தவர்கள் நினைத்தது வேறு, அதைச் சுமந்தவர்கள் செய்தது வேறு.

சகோதரிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடுவிலில் படித்த சிறுமிகளுக்கும் அமெரிக்கப் பெயர்கள் இடப்பட்டன. ஆனால் ஆண்களின் பெயர்கள் நூல்களிலும் கல்லூரிகளிலும் நின்றன. பெண்களின் பெயர்களோ மணமானதும் கணவர் பெயருக்குள் மறைந்தன. இன்றும் எம்மில் பலரின் நிலை அதுதான். தகப்பனின் முதலெழுத்து, பிறகு கணவரின் பெயர், போருக்குப் பின் 'இன்னாரின் மனைவி' என்ற ஒரு வரி.

பெயர் சிறிய விடயம் அல்ல என்பதைப் போர் எமக்குக் காட்டியது. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் பலர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். அட்டையில் இருந்த பெயரும் ஊரும் அன்று போதுமாயிருந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னரும், ஓர் எழுத்து மாறியதால் காணி உறுதிக்கும் நட்டஈட்டுக்கும் அலைந்தவர்கள் எம்மிடையே உள்ளனர்.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் மட்டுமல்ல, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி உள்ளது என்று பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விசாரித்துத் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அத்துடன் ஒரு கொப்பியில் அம்மா, அம்மம்மா, பூட்டி ஆகியோரின் சொந்தப் பெயர்களையும் எழுதி வையுங்கள். அவற்றை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

எமது சகோதரி தன் திருத்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் வகுப்பில், அம்மம்மாவின் பெயரை ஒரு துணியில் தைத்துக்கொண்டிருந்தார்.