வியட்நாமியர் சமூக ஒழுகலாறுகளும் உறவுமுறை விளிச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்
வியட்நாம் செல்லும் அயலவர்க்கான கையேடுகள் பலவும் செய்யத்தக்கவை, தகாதவை எனப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் பலவற்றிற்கு அடிப்படையாக அமையும் மூத்தோர், இளையோர் என்னும் வரிசைமுறையை விளிச்சொற்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வியட்நாம், உறவுமுறைச் சொற்கள், விருந்தோம்பல், முன்னோர் வழிபாடு, தெத்.

முன்னுரை
வியட்நாமியரை முதன்முறை சந்திக்கும் அயலவரைத் திகைக்க வைப்பது வயது குறித்த வினாவாகும். அறிமுகமான சில நிமிடங்களிலேயே எழும் இவ்வினா தனிவாழ்வில் தலையிடுவதாகத் தோன்றக்கூடும். ஆயின், எதிரில் இருப்பவரின் வயதை ஓரளவேனும் அறியாமல் அவரை எச்சொல்லால் விளிப்பது என்று முடிவுசெய்ய இயலாது என்பதே அவ்வினாவுக்குக் காரணம்.

விளிமுறை
வியட்நாமியரின் அன்றாடப் பேச்சில் தன்மை, முன்னிலைப் பெயர்களின் இடத்தைப் பெரிதும் உறவுமுறைச் சொற்களே நிரப்புகின்றன. தம்மினும் சற்று மூத்த ஆணை 'ஆன்' (அண்ணன்) என்றும், பெண்ணைச் 'சி' (அக்கா) என்றும், இளையவரை 'எம்' என்றும் அழைப்பர். தந்தையினும் இளைய ஆடவர் 'சூ', மூத்தவர் 'பாக்'. தமிழின் சித்தப்பா, பெரியப்பா வேறுபாட்டோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஹோ சி மின்னை மக்கள் 'பாக் ஹோ' எனக் குறிப்பதும் இவ்வழக்கின்பாற்பட்டதே.

தமிழரும் அறிமுகமற்றோரை அண்ணன், அக்கா என விளிப்பதுண்டு. எனினும் தம்மை 'நான்' என்றே சுட்டுவர். வியட்நாமியரோ தம்மையும் உறவுச்சொல்லாலேயே சுட்டுவர். மூத்தவரிடம் பேசும் இளையவர் தம்மை 'எம்' என்பார். 'தோய்' என்னும் பொதுவான தன்மைச்சொல் உண்டு. நெருங்கியோரிடம் அது விலகலை உணர்த்தும். எனவே, ஒவ்வொரு உரையாடலிலும் பேசுவோர் தம் இடத்தையும் அறிவித்தே பேசுகின்றனர்.

இல்லமும் உணவும்
இவ்வரிசைமுறை இல்லத்திலும் தொடர்கிறது. விருந்தினர் காலணிகளைக் கழற்றிவிட்டு, வீட்டின் மூத்தோரை முதலில் வணங்குதல் முறை. மூத்தோர்க்கு எதனையும் இரு கைகளாலும் கொடுப்பர். உண்ணத் தொடங்குமுன் இளையோர் மூத்தோரை 'மோய்' என்னும் சொல்லால் உண்ண அழைப்பர். இவ்வழக்கம் வடபகுதியில் வலுவாக உள்ளது.

மறைந்த முன்னோரும் இவ்வரிசையில் அடங்குவர். பெரும்பாலான வீடுகளில் அவர்களுக்குரிய பீடத்தில் ஊதுவத்தி ஏற்றப்படும். சோற்றுக் கிண்ணத்தில் உண்குச்சிகளை நேராகக் குத்தி நிறுத்துவது இறந்தோர்க்கு ஏற்றும் ஊதுவத்தியை ஒத்திருப்பதால் அமங்கலமாகக் கருதப்படுகிறது.

தெத் எனும் புத்தாண்டு
சந்திர நாட்காட்டிப் புத்தாண்டாகிய தெத்தின் முதல் நாளில், வீட்டினுள் முதலில் அடியெடுத்து வைப்பவரைப் பொறுத்தே அவ்வாண்டின் நற்பேறு அமையும் என்பது நம்பிக்கை. இதனைச் 'சோங் தாத்' என்பர். துக்கம் காப்போர் அந்நாளில் பிறர் இல்லம் செல்வதைத் தவிர்ப்பர். எனவே, அன்பின் மிகுதியால் அழைப்பின்றி அதிகாலையில் செல்லும் அயலவர் அவ்வீட்டாரைச் சங்கடத்திற்கு உள்ளாக்கக்கூடும்.

முடிவுரை
மேற்கண்ட வழக்கங்கள் நகரம், தலைமுறை, வட்டாரம் ஆகியவற்றிற்கேற்ப வேறுபடினும், மூத்தோர்க்கு முதலிடம் என்னும் நெறி அவற்றுள் பெரும்பாலானவற்றை இணைக்கிறது. விலக்குகளை மட்டும் மனப்பாடம் செய்த அயலவர் புதிய சூழலில் தடுமாறுவர். விளிமுறையை அறிந்தவரோ, கையேட்டில் இல்லாத இடத்திலும் யாரை முதலில் வணங்குவது, யார் உண்ணத் தொடங்கும்வரை காத்திருப்பது என்பவற்றைத் தாமே உய்த்துணர இயலும்.