பத்தியமும் பாணும்

நோய்க்கு மருந்தோடு பத்தியமும் வேண்டுமென்பது நம்மவர்க்குப் புதிதன்று. ஆயின், உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் அனைத்தையும் உணவு விலக்கினாற் போக்கலாம் என்று இக்காலத்திற் சிலர் கூறுவதை யாம் ஏற்பதற்கில்லை. ஐயமற அது நிலைநாட்டப்பட்டது சீலியாக்கு என்னும் குடல்நோயிலேயாம்.

இந்நோயுற்ற குழந்தை வயிறு உப்பி, கைகால் மெலிந்து, ஓயாத கழிச்சலால் வாடும். 1888 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, இதற்குக் குணமுண்டாயின் அஃது உணவாலேயே ஆகும் என்றார். எவ்வுணவை விலக்குவதென்பது அவர்க்குப் புலப்படவில்லை. நாடோறும் ஒல்லாந்து மட்டி உண்ட பிள்ளையொன்று தேறியது. மட்டிக்காலம் கழிந்ததும் மீண்டும் நலிந்தது. 1924 இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழம் ஊட்டிப் பலரைத் தேற்றினார். பெருமை பழத்துக்குச் சென்றது. நன்மை செய்ததோ பாண் நீங்கியமையே.

ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930களிலேயே கோதுமையை ஐயுற்றார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பாண் அருகியது. ஊர் பசியால் மெலிய இக்குழந்தைகள் தேறியமையும், பாண் மீண்டதும் நலிந்தமையும் அவர் கருத்தை வலியுறுத்தின. எனினும் அவர் அவ்வளவில் நின்றாரல்லர். கோதுமையை விலக்கியும் மீள ஊட்டியும், மலத்திற் கழியும் கொழுப்பை அளந்து 1950 இல் ஆய்வேடு எழுதினார். விலக்கியபின் மீள ஊட்டிப் பாராத பத்தியம் சான்றாகாது. கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் பசைப்புரதமே தீங்கிழைப்பதென்று பின்னர்த் தெளிந்தனர். வாற்கோதுமையும் விலக்கத்தக்கதே.

அரிசி, குரக்கன், உழுந்து, பயறு ஆகியவற்றால் இந்நோயாளர்க்குத் தீங்கில்லை. ஆனால் பிட்டிலும் இடியப்பத்திலும் கோதுமைமா கலத்தல் நம்மிடையே வழக்கம். கூட்டுப் பெருங்காயத்திலும் சோயாச் சாற்றிலும் அது மறைந்திருத்தல் உண்டு. கடை இடியப்பம் எம்மாவினால் ஆயதென்று கேட்பதிற் கூச்சம் வேண்டா; இவ்விலக்கு வாழ்நாள் முழுவதற்குமாம்.

மூட்டுவாதம் முதலிய பிற தன்னெதிர்ப்பு நோய்களில் உணவுமாற்றத்தாற் சிலர்க்கு வேதனை தணியலாம். அதனை நம்பி மருந்தை நிறுத்துவோர் மூட்டையே இழக்க நேரும். சீலியாக்கென்று ஐயுறுவோர் இரத்தச் சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை விடலாகாது. விட்டால், நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்திற் குறைந்து, நோயிருந்தும் இல்லையென்றே சோதனை கூறும். மருத்துவர் முடிவு கூறும்வரை வழக்கம்போற் பாண் உண்ணுதல் வேண்டும்.