காலையில் நொண்டும் பிள்ளை
சிறுபராய மூட்டுவாதம் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

மூட்டுவாதம் என்றவுடன் எங்கள் மனதில் வருவது ஆச்சிமாரின் முழங்கால்தான். வயலிலும் தோட்டத்திலும் உழைத்துத் தேய்ந்த கால், மார்கழிப் பனியில் உளையும் கால். மூன்று வயதுப் பிள்ளைக்கும் மூட்டுவாதம் வரும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அது வருகிறது. 1897ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்ரில் என்ற வைத்தியர் இந்நோய் கண்ட 22 பிள்ளைகளைப் பற்றி எழுதிவைத்தார். மேலை நாட்டுக் கணக்குகளின்படி ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு இது உண்டு.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்நோய் பிந்தியே கண்டுபிடிக்கப்படுவதில் வியப்பில்லை. சொந்தக் காணியை விட்டு வந்து, குத்தகை நிலத்திலோ உறவினர் வளவிலோ கூலி வேலையிலோ நாளைக் கழிக்கும் தாய் தந்தையர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை நொண்டுவது காலையில். அவர்கள் வீடு திரும்புவது மாலையில். மாலையில் அதே பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். “காலையில் சோம்பல், பள்ளிக்கூடம் போகக் கள்ளம்” என்று அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. இந்த நோயின் இயல்பே அதுதான் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இது என்ன நோய்?

உடலுக்குள் நோய்க்கிருமி நுழைந்தால் அதை எதிர்க்கும் சக்தி எல்லோருக்கும் உண்டு. சில பிள்ளைகளில் அந்தச் சக்தி தவறிப்போய்த் தன் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. மூட்டின் உட்புறச் சவ்வு வீங்கி நீர் கோக்கிறது. 16 வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் காணப்படாத மூட்டு வீக்கத்தையே வைத்தியர்கள் சிறுபராய மூட்டுவாதம் என்கிறார்கள்.

இது தொற்று நோயல்ல. ஒரே பாயில் படுக்கும் சகோதரங்களுக்கு ஒட்டாது. தாய் கர்ப்பகாலத்தில் சாப்பிட்ட எதனாலும் வந்ததல்ல. குளிர்ந்த நீரில் குளித்ததாலோ, ஈர நிலத்தில் படுத்ததாலோ வந்ததுமல்ல. கொட்டிலில் வைத்துப் பிள்ளையை வளர்த்ததால்தான் வந்தது என்று தாய்மார் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சில பிள்ளைகளுக்கு நான்கு மூட்டுகளுக்குள் நிற்கும். பெரும்பாலும் முழங்கால் அல்லது கணுக்கால். பெண் பிள்ளைகளில், ஐந்து ஆறு வயதுக்கு முன்னர் தொடங்குவது பெரும்பாலும் இவ்வகையே. வேறு சிலருக்கு ஐந்தும் அதற்கு மேலும் மூட்டுகள் வீங்கும். விரல்களும் மணிக்கட்டும் சேரும். இன்னும் சிலருக்கு மூட்டு வீங்குமுன்னரே இரண்டு கிழமைகளுக்கு மேலாகத் தினமும் காய்ச்சல் ஏறி இறங்கும். காய்ச்சலோடு இளஞ்சிவப்புத் தழும்புகள் தோன்றி மறையும்.

எதைக் கவனிப்பது?

சிறு பிள்ளை பெரும்பாலும் “நோகுது” என்று சொல்லாது. நேற்றுவரை செய்த ஒன்றை இன்று செய்யாமல் விட்டுவிடும். ஆகவே இவற்றை அவதானியுங்கள்:

• நித்திரையால் எழும்பியதும் விறைத்த காலோடு நொண்டி நடந்து, ஒரு மணி நேரம் போல் ஆனபின் சரியாகிறதா?
• மலசலகூடத்தில் குந்தவோ, சப்பாணி கட்டி இருக்கவோ மறுக்கிறதா?
• ஒரு முழங்கால் மற்றதைவிடப் பருத்து, தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறதா?
• நடந்து திரிந்த பிள்ளை மீண்டும் தூக்கச் சொல்லி அழுகிறதா?
• சோறு பிசையவும் பொத்தான் பூட்டவும் கஷ்டப்படுகிறதா?

வளரும் பிள்ளைகளுக்கு இரவில் இரண்டு காலும் உளைவது வழக்கம். அந்த உளைவு காலையில் இராது, வீக்கமும் இராது. காலை விறைப்பும் வீக்கமும் இருந்தால் அது வேறு.

விழுந்ததால் வந்த வீக்கம் என்று எண்ணி முறிவு நெரிவு பார்ப்பவரிடம் கொண்டுபோய், இழுத்து நீவிக் கட்டுப்போடுவிப்பது எங்கள் வழக்கம். வீங்கிய மூட்டை இழுத்து நீவினால் நோ கூடும், வேறு நன்மையில்லை. இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் வீக்கம் எதுவாயினும் வைத்தியசாலைக்குக் காட்ட வேண்டியதே.

மயங்கவைக்கும் வேறு நோய்கள்

தொண்டை நோவுக்குச் சில வாரங்களின் பின் காய்ச்சலுடன் ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் நோவு வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது இருதயத்தைப் பழுதாக்கும். அதற்குப் பல ஆண்டுகள் தவறாமல் பெனிசிலின் ஊசி போட வேண்டிவரும். இரண்டும் ‘வாதம்’ என்றே அழைக்கப்பட்டாலும் வைத்தியம் வேறு வேறு. எனவே “எந்த வாதம்?” என்று வைத்தியரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சிக்குன்குன்யாக் காய்ச்சலும் மூட்டுகளை வீங்கச் செய்யும். 2006ஆம் ஆண்டில் வடக்குக் கிழக்கில் அது பரவியபோது பலர் மாதக்கணக்காக நடக்க முடியாமல் இருந்தார்கள்.

ஒரே இரத்தப் பரிசோதனையால் சிறுபராய மூட்டுவாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பெரியவர்களுக்குப் பார்க்கும் ‘வாதக் காரணி’ இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இராது. “இரத்தத்தில் வாதம் இல்லை” என்ற ஒரு துண்டை நம்பி, வீங்கிய மூட்டோடு வீட்டில் இருந்துவிடக்கூடாது.

நோகாமல் போகும் கண்

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமானால் அது இதுவாக இருக்கட்டும். இந்நோய் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கண்ணின் உட்பகுதியிலும் அழற்சி உண்டாகும். கண் சிவக்காது, நோகாது, நீர் வடியாது. பிள்ளையும் ஒன்றும் சொல்லாது. பார்வை மங்கியதைப் பெற்றோர் காணும்போது கண்ணுக்குள் தழும்பு விழுந்திருக்கும். ஒரு மூட்டு மட்டும் இலேசாக வீங்கிய பிள்ளைக்கே இந்த ஆபத்துக் கூட. மூட்டு வீக்கம் வற்றிய பின்னரும் அது வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கண் வைத்தியர் ஒளிக்கீற்று நுணுக்குக்காட்டியால் பார்ப்பதுதான். வயதில் சிறிய பிள்ளைகளுக்கு முதற் சில ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிந்தாமல் கண்டால் துளி மருந்தோடு பார்வையைக் காப்பாற்றலாம். பிள்ளைகள் வைத்தியர் உங்களைக் கண் கிளினிக்குக்கு அனுப்பாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மருந்து

இன்று இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உண்டு. வீக்கத்தையும் நோவையும் குறைக்க இபுபுரோபன் போன்றவை முதலில் கொடுக்கப்படும். வெறும் வயிற்றில் கொடாமல் சாப்பாட்டின் பின் கொடுங்கள். டெங்குக் காய்ச்சலில் இபுபுரோபனும் அஸ்பிரினும் இரத்தக் கசிவை உண்டாக்கும். ஆகவே இம்மருந்து எடுக்கும் பிள்ளைக்குப் புதிதாகக் காய்ச்சல் வந்தால் அதைக் கொடுக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டி, என்ன மருந்து எடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

ஓரிரு மூட்டுகள் மட்டும் வீங்கியிருந்தால் மூட்டுக்குள்ளேயே ஸ்ரெரொயிட் ஊசி போடுவார்கள். ஊசி என்று பயந்து மறுக்க வேண்டாம். பல மாதங்களுக்கு அது பலன் தரும்.

பல மூட்டுகள் வீங்கினால் மெதொட்ரெக்சேற் என்ற குளிசை கொடுக்கப்படும். இது கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் கொடுத்தால் வாய் புண்ணாகி, இரத்தம் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். தாயும் தந்தையும் கூலிக்குப் போக, அம்மம்மா மருந்து கொடுக்கும் வீடுகளில் இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு கிழமை நாளைத் தெரிந்து, கலண்டரில் அந்த நாட்களை வட்டமிட்டு, மருந்தை ஒருவரே கொடுக்கட்டும். போலிக் அமிலக் குளிசையை வைத்தியர் சொன்ன நாட்களில் கொடுங்கள். இம்மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். “ஒரு மாதம் கொடுத்தும் சுகமில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போகவேண்டும்.

ஸ்ரெரொயிட் குளிசை கொடுக்கப்பட்டிருந்தால் அதைத் திடீரென்று ஒருபோதும் நிறுத்தக்கூடாது. வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தில் “மூன்று நாளில் வாதம் போகும்” என்று விற்கப்படும் தூள்களில் சில வேளைகளில் இதே ஸ்ரெரொயிட் கலந்திருக்கும். அவற்றை வாங்க வேண்டாம்.

தடுப்பூசிக்கு முன், குறிப்பாக 3 வயதில் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கு முன், பிள்ளை எடுக்கும் மருந்துகளைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அயலில் கொப்பளிப்பான் கண்டு, பிள்ளை அதற்கு அருகில் இருந்திருந்தால் வைத்தியரிடம் உடனே போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

நோகும் பிள்ளையை அசையாமல் வைத்திருப்பதே அன்பு என்று நினைக்கிறோம். உண்மை மறுவளமானது. மடக்கிய முழங்கால் சில மாதங்களில் மடங்கியபடியே நின்றுவிடும். சுகமாக இருக்கட்டும் என்று முழங்காலின் கீழ்த் தலையணை வைப்பதால் வரும் கேடு இதுதான். அதற்குப் பதிலாகப் பிள்ளையைத் தினமும் இருபது நிமிடம் வரை பாயில் குப்புறப் படுக்கவிட்டுக் கதை சொல்லுங்கள். கால் தானாக நீளும்.

காலையில் எழும்பியதும் இளஞ்சுடுநீரில் குளிக்க வார்ப்பது அல்லது சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டில் சுற்றுவது விறைப்பைக் குறைக்கும். அதன்பின் வைத்தியசாலையில் காட்டித்தந்த பயிற்சிகளைச் செய்யுங்கள். விளையாட்டாகவும் வேலையாகவும் பயிற்சி கொடுக்கலாம். ரொட்டிக்கு மா குழைப்பதும் கச்சான் உடைப்பதும் விரல்களுக்கு நல்லது. கோழிக்குத் தீனி போடலாம். மிளகாய்க் கன்றுக்குச் சிறு பேணியால் தண்ணீர் விடலாம். மூன்று சில்லுச் சைக்கிள் முழங்காலுக்கு நல்லது. தண்ணீர்க் குடம், விறகு, பாரமான புத்தகப்பை ஆகியவை வேண்டாம்.

குந்த முடியாத பிள்ளைக்குப் பழைய கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி மலசலகூடக் குழியின் மேல் வைக்கலாம். பென்சிலில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றினால் பிடிப்பது எளிது. முன்பள்ளி ஆசிரியையிடம், காலையில் சற்றுப் பிந்தி வர விடும்படியும் அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நடக்க விடும்படியும் கேளுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவுமில்லை. கிழங்கு, பருப்பு, பலாக்காய் வாய்வு என்று ஒதுக்கினால் ஏற்கெனவே மெலிந்த பிள்ளை இன்னும் மெலியும். எலும்பு உறுதிப்பட நெத்தலி, குரக்கன், முருங்கையிலை, பால், முட்டை ஆகியவற்றில் இயன்றதைக் கொடுங்கள்.

கிளினிக்கும் அறுவடையும்

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியத்துக்குப் பணமில்லை. ஆனால் பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். அரிவு வெட்டு நாளில் கிளினிக் வந்தால் எந்தத் தகப்பனும் யோசிப்பான். பிள்ளையின் மூட்டில் நோவு இல்லாத மாதமாக இருந்தால் “அடுத்த முறை போகலாம்” என்றே மனம் சொல்லும். நோவில்லாத அந்த மாதங்களில்தான் கண் பழுதாகிறது, மருந்து விட்டுப்போகிறது. ஆகவே விதைப்பும் வெட்டும் வரும் மாதங்களை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நாளை மாற்றித் தரவோ, இரண்டு மாத மருந்தை ஒன்றாகத் தரவோ முடியுமா என்று கேளுங்கள். மூட்டுக் கிளினிக்கையும் கண் கிளினிக்கையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இடம்பெயர்வு எங்களுக்குப் படிப்பித்த பாடம் ஒன்று உண்டு. ஓடும்போது காணி உறுதியை எடுத்தவர்கள் கிளினிக் கொப்பியை விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். மருந்தின் பெயரையும் அளவையும் வேறொரு தாளில் எழுதி உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தாலும் ஊர் மாறினாலும் அது உதவும். வேறு மாவட்டத்துக்குப் போகுமுன் மாற்றுக் கடிதம் வாங்குங்கள்.

பெண் பிள்ளைக்கு வாதம் என்று தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேச முடியாது என்று நோயை மறைக்கும் வீடுகளும் உண்டு. ஊர்க் கண்ணுக்கு மறைத்த நோய் உள்ளே வளர்ந்து, கடைசியில் மடங்கிய காலாக எல்லோருக்கும் தெரியவரும். நேரத்தோடு வைத்தியம் பெற்ற பிள்ளைகளில் கணிசமானோருக்கு நோய் அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களும் படித்து, தொழில் செய்து, குடும்பமாக வாழ்கிறார்கள்.

பிந்தாமல் வைத்தியசாலைக்கு

• ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலுடன், பிள்ளை அதை அசைக்கவே விடாவிட்டால் மூட்டுக்குள் சீழ் இருக்கலாம். அன்றைக்கே போங்கள்.
• மூட்டு நோவுடன் பிள்ளை வெளிறி, உடம்பில் கண்டல் தோன்றி, இரவில் நோவால் விழித்து அழுதால்.
• மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், வாய்ப்புண், இரத்தக் கசிவு, கறுத்த மலம் கண்டால்.
• கண் மங்கினால், கருமணியின் வடிவம் மாறினால்.

வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் கட்டணமில்லை.

நாளை காலை உங்கள் பிள்ளை பாயிலிருந்து எழும்பி நடப்பதை ஒரு நிமிடம் பாருங்கள். வேலைக்கு முந்திப் போக வேண்டுமானால், வீட்டில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வளவில் நொண்டும் பிள்ளை இருந்தால் அதன் தாய்க்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.