குருத்தைத் தேடி வரும் காட்டுப்பன்றி

குளுவாங் பக்கம் மறுநடவு செய்த நிலத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் விடிந்ததும் தெரிந்துவிடும். இளம் செம்பனைக் கன்று சாய்ந்து கிடக்கும். அடியிலிருந்த வெள்ளைக் குருத்து மட்டும் காணாது.

முதிர்ந்த மரத்தை அது ஒன்றும் செய்வதில்லை. அங்கே வருவது, குலை வெட்டியபின் பொறுக்காமல் விட்ட உதிரிப் பழத்துக்காக. மண்ணைக் கிளறிப் புழு தின்னும். லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. காட்டு மரங்கள் எப்போதாவது காய்க்கும், செம்பனையோ ஆண்டு முழுதும் காய்க்கும். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 1996-இல் சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பக்கத்துச் செம்பனைத் தீனியும், புலி இல்லாமல் போனதும் காரணம் என்றார்கள்.

அதனால்தான் பழகிய வேட்டைக்காரர் காட்டுக்குள் அலைவதில்லை. எந்தப் பக்கம் குலை வெட்டினார்கள் என்று முதலில் விசாரிப்பார். புதிதாகக் கிளறிய மண், கால்தடம் பார்த்து, காற்றுக்கு எதிர்ப்பக்கம் காத்திருப்பார். பன்றிக்குக் கண்ணைவிட மூக்குதான் கூர்மை.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குப் பெர்ஹிலித்தான் லைசன்ஸ் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் லைசன்ஸ் தனி. சிலர் செலவில்லை என்று கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். அது குற்றம். எண்டாவ்-ரொம்பின் காட்டோரத்தில் அந்தக் கண்ணியில் புலியும் தப்பாது, தாப்பிரும் தப்பாது. பன்றியைத் தின்று குறைப்பதே அந்தப் புலிதான்.

துப்பாக்கி இல்லாதவர்கள் செய்யக்கூடியது, உதிரிப் பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடுவது.